கண் பிரஷருக்கு எந்தச் சொட்டு மருந்து? தில்லித் தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

கண்ணில் பிரஷர் 26 இருக்கிறது, சொட்டு மருந்து ஆரம்பித்துவிடலாம் என்று டாக்டர் இந்தியில் சொல்லி, சீட்டு எழுதிக் கையில் கொடுத்துவிடுகிறார். வெளியே வந்தால் மருந்துக் கடைக்காரர், அந்தக் கம்பெனி இல்லை, இதே மருந்து வேறு பெயரில் இருக்கிறது என்று இன்னொரு பாட்டிலை நீட்டுகிறார். ஊரில் பெரியப்பா போடுவது வேறு, பக்கத்து வீட்டம்மா போடுவது வேறு. தில்லிக்கு மாற்றலாகி வந்த புதிதில் இந்த நிலைமையில் மாட்டிக்கொண்ட பலரோடு நான் பேசியிருக்கிறேன். எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எது நல்ல மருந்து?

நான் மருத்துவர் அல்ல. வருடக்கணக்கில் இந்தச் சொட்டுகளைப் போட்டுக்கொள்கிறவன். மருந்தைத் தேர்ந்தெடுப்பது டாக்டரின் வேலைதான். ஆனால் அவர் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால், உங்கள் உடம்பைப் பற்றியும் உங்கள் அன்றாடத்தைப் பற்றியும் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். ஐந்து நிமிஷப் பரிசோதனையில் அவர் அதையெல்லாம் கேட்டு முடிக்க முடியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். மருந்துகளை ஒப்பிட்டுத் தெரிந்துகொள்வது அதற்காகத்தான்.

முதலில் உங்கள் எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்

கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் ஓயாமல் சுரந்து, கருவிழியின் ஓரத்தில் இருக்கும் சல்லடை மாதிரியான வடிகால் வழியாக வெளியேறிக்கொண்டிருக்கிறது. வடிவது குறைந்தால் அழுத்தம் ஏறும். சாதாரணமாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும். பெரும்பாலும் அழுத்தம் கூடி, கண்ணின் பின்னால் இருக்கும் பார்வை நரம்பு பாதிக்கப்படுவதுதான் குளுக்கோமா. தில்லி ஆஸ்பத்திரிகளில் இதைக் ‘காலா மோதியா’ என்பார்கள். ‘சஃபேத் மோதியா’ என்றால் கண்புரை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, ஆபரேஷன் செய்தால் பார்வை திரும்பிவிடும் என்று காத்திருப்பவர்கள் உண்டு. புரையில் போன பார்வை திரும்பும். குளுக்கோமாவில் போனது திரும்பாது, மிச்சம் இருப்பதைத்தான் காப்பாற்ற முடியும்.

பிரஷர் கூடுதலாக இருக்கும் எல்லோருக்கும் குளுக்கோமா வந்துவிடுவதில்லை. அமெரிக்காவில், பிரஷர் அதிகமாகவும் நரம்பு நன்றாகவும் இருந்தவர்களை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். 2002-இல் முடிவு வந்தது. சொட்டு போடாதவர்களில் ஐந்து வருடத்தில் 9.5 சதவீதம் பேருக்குக் குளுக்கோமா வந்தது, போட்டவர்களில் 4.4 சதவீதம் பேருக்கு வந்தது. அதனால் சில டாக்டர்கள் உடனே மருந்து எழுதாமல், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்பார்கள். அது அலட்சியம் இல்லை. நரம்பு ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது.

எனவே மருந்துக்கு முன்னால் நான்கு பரிசோதனைகள் நடந்திருக்கின்றனவா என்று பாருங்கள். கருவிழியின் தடிமன் ஒன்று. தடிமன் குறைவாக இருந்தால் மெஷின் பிரஷரைக் குறைத்துக் காட்டும், கூடுதலாக இருந்தால் ஏற்றிக் காட்டும். சராசரியாக 540 மைக்ரான் போல இருக்கும். அப்புறம் வடிகால் கோணம் திறந்திருக்கிறதா என்று சிறிய கண்ணாடி வில்லை வைத்துப் பார்க்கும் கோனியோஸ்கோபி. மூன்றாவது, பார்வைப் பரப்புச் சோதனை. விளக்குப் புள்ளி தெரியும்போது பட்டனை அழுத்துவீர்களே, அதுதான். நான்காவது, பார்வை நரம்பை ஒளியால் படமெடுத்துப் பார்க்கும் ஓ.சி.டி. ஸ்கேன். காற்றை ஊதி அளக்கும் மெஷினில் மட்டும் எடுத்த எண்ணை நம்பி வருடக்கணக்கான மருந்தைத் தொடங்க வேண்டாம். கண்ணைத் தொட்டு அளக்கும் கோல்ட்மன் முறையில் ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

எய்ம்ஸ் வளாகத்தில் 1967-இல் தொடங்கிய டாக்டர் ராஜேந்திர பிரசாத் கண் மையம், மகாராஜா ரஞ்சித் சிங் மார்க்கில் இருக்கும் அரசின் குரு நானக் கண் மையம், தர்யாகஞ்சில் இருக்கும் ஷ்ராஃப் கண் ஆஸ்பத்திரி ஆகியவற்றில் இவை எல்லாமே ஒரே இடத்தில் கிடைக்கும். எய்ம்ஸுக்கு முன்பதிவை ஆன்லைனில் செய்துகொண்டு போனால் விடியற்காலை வரிசை மிச்சம். இந்தி தடுமாறினால் கவலை வேண்டாம், எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். என்ன எழுத வேண்டும் என்பதுதான் அடுத்தது.

டாக்டரிடம் நீட்ட ஒரு தாள்

இதை எழுதாமல் எந்த ஒப்பீடும் பயன்படாது. ஆஸ்துமா, இழுப்பு, நாள்பட்ட சளி இருமல் உண்டா? சின்ன வயதில் வந்து போனதையும் எழுதுங்கள். நாடித்துடிப்பு மெதுவாக இருக்கிறதா, இதயத்தில் பிளாக் என்று எப்போதாவது சொன்னார்களா? ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால், மெட்டோபிரலால் மாதிரி மாத்திரை ஓடுகிறதா? சர்க்கரை உண்டா, இன்சுலின் போடுகிறீர்களா? சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதா? கண்ணுக்குள் அழற்சி, அக்கி (ஹெர்பிஸ்) வகைப் புண், விழித்திரை வீக்கம் வந்ததுண்டா? மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கிறீர்களா? கர்ப்பமா, தாய்ப்பால் கொடுக்கிறீர்களா?

ஒன்றைக் கோடிட்டு எழுதுங்கள்: ஸ்டீராய்டு. தில்லியில் வசந்த காலத்து மகரந்தத்துக்கும் நவம்பர் புகைக்கும் கண் அரிக்கிறது என்று கடையில் கேட்டால், சீட்டு இல்லாமலே ஸ்டீராய்டு கலந்த சொட்டைக் கொடுத்துவிடுகிறார்கள். போட்டவுடன் அரிப்பு நின்றுவிடுகிறது, அதனால் குழந்தைகளுக்குக்கூட மாதக்கணக்கில் போடுகிறார்கள். அந்த ஸ்டீராய்டே கண் பிரஷரை ஏற்றும். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசலோன் என்று லேபிளில் இருந்தால் அதுதான். தோலில் தடவும் கிரீம், மூக்கில் அடிக்கும் ஸ்பிரே, இன்ஹேலர் எல்லாவற்றையும் தாளில் சேருங்கள். சிலருக்கு ஸ்டீராய்டை நிறுத்தினாலே பிரஷர் இறங்கிவிடும், புது மருந்தே தேவைப்படாது. ஆனால் இன்ஹேலரையும் ஸ்டீராய்டு மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மூச்சுக்குப் பார்க்கும் டாக்டரிடம் கேட்டுத்தான்.

மருந்துக் குடும்பங்கள்

பெட்டியின் மேலே பெரிதாக இருப்பது கம்பெனி வைத்த பெயர். கீழே சின்ன எழுத்தில் இருக்கும் பெயரைத்தான் ஒப்பிட வேண்டும்.

‘பிராஸ்ட்’ என்று முடிபவை ஒரு குடும்பம்: லாட்டனோபிராஸ்ட், டிராவோபிராஸ்ட், பைமட்டோபிராஸ்ட், டாஃப்ளுபிராஸ்ட். நீர் வெளியேறும் வழியை இளக்கிவிடுகின்றன. இரவில் ஒரே ஒரு சொட்டு. பிரஷரைச் சுமார் 25 முதல் 33 சதவீதம் வரை இறக்கும், ராத்திரியிலும் வேலை செய்யும், மூச்சையும் இதயத்தையும் பெரும்பாலும் தொடாது. பெரும்பாலான டாக்டர்கள் இதிலிருந்து ஆரம்பிப்பது இதனால்தான், என் கருத்திலும் அது நியாயமே. தொந்தரவு கண்ணைச் சுற்றித்தான். முதல் சில வாரம் சிவக்கும். இமை முடி நீளமாகவும் கறுப்பாகவும் வளரும். இமைத் தோல் கறுக்கும், நாளடைவில் கண் கொஞ்சம் உள்ளே போனது மாதிரி தெரியலாம். ஒரு கண்ணுக்கு மட்டும் போடுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். சொட்டு போட்டதும் வழிந்ததைத் துடைத்து இமையைக் கழுவிவிட்டால் தோல் கறுப்பது குறையும். கண்ணுக்குள் அழற்சி வந்தவர்களுக்கும் விழித்திரை மையத்தில் வீக்கம் இருப்பவர்களுக்கும் டாக்டர் யோசித்துத்தான் கொடுப்பார்.

அடுத்தது டிமோலால். 1978-லிருந்து அமெரிக்காவில் புழக்கத்தில் இருக்கும் பழைய மருந்து, விலை குறைவு, கண் சிவப்பது குறைவு, பிரஷரை 20 முதல் 25 சதவீதம் இறக்கும். சுரக்கும் நீரைக் குறைப்பது இதன் வேலை. ராத்திரியில் இதன் பலன் மிகக் குறைவு. அதனால் ஒருவேளை மட்டும் என்றால் காலையில் போடச் சொல்வார்கள். இதைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் சொட்டு மருந்துதானே, கண்ணோடு நின்றுவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். கண்ணில் விழும் சொட்டு, கண்ணீர் போகும் குழாய் வழியாக மூக்குக்குப் போய், அங்கிருந்து நேராக ரத்தத்தில் கலக்கிறது. கல்லீரல் வழியாகப் போகும் மாத்திரை மாதிரி வழியில் குறைவதில்லை. டிமோலால் மூச்சுக்குழாயைச் சுருக்கும், நாடியை மெதுவாக்கும். ஆஸ்துமாக்காரருக்கு ஒரு சொட்டே இழுப்பைக் கிளப்பிவிடலாம். ஊரில் ஆஸ்துமா அடங்கிக் கிடந்தவருக்குத் தில்லியில் தீபாவளி கழிந்த வாரங்களில் அது மறுபடி தலைதூக்குகிறது. அந்தச் சமயத்தில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதைப் புகையின் மேல் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடுவோம். புதிதாக டிமோலால் ஆரம்பித்திருந்தால், டாக்டருக்குப் போன் செய்து சொட்டின் பெயரையும் சொல்லுங்கள். இன்சுலின் போடுபவர்களுக்கு இன்னொன்று: சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பை இது மறைத்துவிடும். ஏற்கெனவே இதே குடும்பத்தைச் சேர்ந்த அட்டெனலால் மாதிரி மாத்திரை எடுப்பவர்களுக்குக் கண்ணில் பலன் குறைவாகவும் உடம்பில் தொந்தரவு அதிகமாகவும் இருக்கும்.

பிரிமோனிடின் இரண்டு மூன்று வேளை போட வேண்டும். சுமார் ஐந்தில் ஒரு பங்கு போல இறக்கும். வாய் உலரும், சிலருக்குத் தூக்கம் சொக்கும். வண்டி ஓட்டுகிறவர்கள் முதல் வாரத்தில் கவனித்துக்கொள்ள வேண்டும். மாதங்கள் கழித்து அலர்ஜி வந்து கண் சிவந்து அரிக்கலாம், ஒத்துக்கொண்ட மருந்துதானே என்று விட்டுவிடாதீர்கள். வீட்டில் இரண்டு வயதுக்குள் குழந்தை இருந்தால் இந்தப் பாட்டில் அதன் கைக்கு எட்டவே கூடாது. சின்னக் குழந்தைகளுக்கு மூச்சே நின்றுபோகிற அளவுக்கு ஆபத்து.

டார்சோலமைடு, பிரின்சோலமைடு இரண்டும் ஒரே குடும்பம், பிரஷரை 15 முதல் 20 சதவீதம் இறக்கும். முதலாவது எரியும். இரண்டாவது பால் மாதிரி இருக்கும், குலுக்கிப் போட வேண்டும், கொஞ்ச நேரம் மங்கலாகத் தெரியும். வாய் கசக்கும். சல்ஃபா ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஆஸ்துமாக்காரர்களுக்கு இரண்டாவது மருந்தாகப் பெரும்பாலும் இவைதான் கைகொடுக்கின்றன.

புதியவை ரிப்பாசுடிலும் நெட்டார்சுடிலும். முதலாவதற்கு ஜப்பானில் 2014-லும் இரண்டாவதற்கு அமெரிக்காவில் 2017-லும் அனுமதி கிடைத்தது, இப்போது இங்கேயும் கிடைக்கின்றன. கண் நன்றாகவே சிவக்கும்.

இரண்டு மருந்து ஒரே பாட்டிலில்

ஒரு மருந்து போதவில்லை என்றால் இரண்டும் கலந்த பாட்டில் வரும். வேலை மிச்சம், மருந்து கெடாமல் இருக்கச் சேர்க்கும் பதனப் பொருள் கண்ணில் விழுவதும் குறைவு. ஆனால் இந்தியாவில் விற்கும் கலவைகளில் பெரும்பாலானவற்றில் இருக்கும் இரண்டாவது மருந்து டிமோலால். பெயருக்குப் பின்னால் ‘டி’ என்றோ ‘பிளஸ்’ என்றோ ஒட்டியிருந்தால் சந்தேகப்பட்டு, சின்ன எழுத்தைப் படியுங்கள். கடைக்காரர் ஒரு எழுத்து மாறிய பாட்டிலைக் கொடுத்துவிட்டால், ஆஸ்துமாவுக்குப் பயந்து டாக்டர் தவிர்த்த மருந்தே வீட்டுக்கு வந்துவிடும். சி.ஜி.எச்.எஸ். மருந்தகத்தில் வாங்கும் மத்திய அரசு ஊழியர்களுக்கு ஒவ்வொரு முறையும் வேறு கம்பெனி பாட்டில் வரலாம். மருந்துப் பெயரும் சதவீதமும் பழைய பாட்டிலோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே நின்று பார்த்துவிட்டு நகருங்கள்.

பென்சால்கோனியம் குளோரைடு என்ற பதனப் பொருள் பல சொட்டுகளில் இருக்கிறது. பல வருடம் போட்டால் கண் உலர்ந்து உறுத்தும், தில்லியின் குளிர்காலக் காற்றில் இன்னும் அதிகமாக. உறுத்தல் தாங்கவில்லை என்றால் மருந்தை நிறுத்தாமல், பதனப் பொருள் இல்லாத வகையைக் கேளுங்கள். விலை கூடுதல்தான்.

விலையை எப்படிக் கணக்கிடுவது

பாட்டில் விலையைப் பார்த்து மலைக்காதீர்கள், மாதச் செலவைப் பாருங்கள். இரவில் ஒரு சொட்டு வீதம் இரண்டு கண்ணுக்கு மாதம் 60 சொட்டு, 2.5 மில்லி லாட்டனோபிராஸ்ட் பாட்டிலில் ஏறக்குறைய 80 சொட்டு இருக்கும். இரண்டு வேளை மருந்தென்றால் 120 சொட்டு வேண்டும். திறந்த பாட்டிலைப் பெரும்பாலும் ஒரு மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதால், ஒரு கண்ணுக்கு மட்டும் போடுகிறவர் பெரிய பாட்டில் வாங்கினால் பாதி வீண். திறந்த தேதியைப் பாட்டிலிலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். மக்கள் மருந்தகத்திலும் (ஜன் ஔஷதி) ஆஸ்பத்திரி வளாகத்து அம்ரித் கடைகளிலும் விலை குறைவாகக் கிடைக்கும், முதலில் அங்கே கேட்டுவிட்டு வெளியே வாங்குங்கள். கம்பெனி மாற்றினால் அடுத்த பிரஷர் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

போடும் முறை

நல்ல மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்பவர்களில் பலருக்குச் சொட்டு கன்னத்தில்தான் விழுகிறது. கையைக் கழுவுங்கள். படுத்துக்கொண்டோ தலையைச் சாய்த்தோ, கீழிமையை விரலால் இழுத்து, அந்தப் பையில் ஒரே சொட்டு. பாட்டில் முனை இமையில் படக் கூடாது. உடனே கண்ணை மெதுவாக மூடி, மூக்கை ஒட்டிய கண் முனையை விரலால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்திக்கொள்ளுங்கள். மருந்து மூக்குக்கும் ரத்தத்துக்கும் போவது இதனால் குறையும்; டிமோலாலுக்கும் பிரிமோனிடினுக்கும் இது கட்டாயம். கண்ணைச் சிமிட்டாதீர்கள், இறுக்கவும் வேண்டாம். கண்ணில் ஒரு சொட்டுக்கு மேல் நிற்க இடமே இல்லை, இரண்டாவது சொட்டு வழிந்து வீணாகும். வேறு மருந்து போட வேண்டுமானால் ஐந்து நிமிடமாவது, முடிந்தால் பத்து நிமிடம் இடைவெளி. கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் கழற்றிவிட்டுப் போட்டு, கால் மணி நேரம் கழித்து மாட்டிக்கொள்ளலாம். கை நடுங்கும் பெரியவர்களுக்கு வீட்டில் ஒருவர் போட்டுவிட வேண்டும், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

வெயிலும் ரயிலும்

லாட்டனோபிராஸ்டின் பல வகைகளைத் திறக்கும் வரை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். திறந்தபின் 25 டிகிரிக்குள் இருந்தால் சில வாரம் தாங்கும். ஆனால் தில்லியில் மே மாதம் வெளியே 45 டிகிரி, மேல்மாடி வீட்டுக்குள்ளும் அனல்தான். அதனால் கோடையில் திறந்த பாட்டிலும் ஃபிரிட்ஜ் கதவில்தான் இருக்க வேண்டும், ஃபிரீசரில் வேண்டாம். சில்லென்று விழும் சொட்டு, கண்ணில் விழுந்ததா என்பதையும் காட்டிக்கொடுக்கும். அறை வெப்பத்தில் வைக்கக்கூடிய லாட்டனோபிராஸ்டும் வருகிறது. ஃபிரிட்ஜ் இல்லாத அறையில் தங்கியிருப்பவர்களும் அடிக்கடி ஊருக்குப் போகிறவர்களும் அதைக் கேட்கலாம். வாங்கும்போது கடைக்காரர் ஃபிரிட்ஜிலிருந்து எடுக்கிறாரா, அலமாரியிலிருந்து எடுக்கிறாரா என்று பாருங்கள். லேபிளில் குளிர் என்று போட்டிருந்து அலமாரியிலிருந்து வந்தால் வாங்காதீர்கள்.

சென்னைக்கு ரயிலில் ஒன்றரை நாள் போல ஆகிறது. நாக்பூர் பக்கம் மதிய வெயிலில் பை சுடும். சின்னக் குளிர்ப் பையில் ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றி, பாட்டில் அதைத் தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் தங்கும் நாளுக்கு ஒரு பாட்டில் கூடுதலாகவும், சீட்டின் போட்டோ போனிலும் இருக்கட்டும்.

மருந்து வேலை செய்கிறதா?

கண் பிரஷர் பெரும்பாலும் வலிக்காது, மருந்தின் பலனும் தெரியாது. இதனால்தான் பலர் சில மாதங்களிலேயே பாட்டிலை மறந்துவிடுகிறார்கள். ஆரம்பித்து நான்கு முதல் ஆறு வாரத்தில் மறுபடி அளக்க வேண்டும். பிரஷர் ஒரே நாளில் ஏறி இறங்கும். காலையில் எடுத்த எண்ணையும் மாலையில் எடுத்த எண்ணையும் ஒப்பிடாமல், கூடுமானவரை ஒரே நேரத்துக்குப் போங்கள். அன்று மட்டும் ஒழுங்காகச் சொட்டு போட்டுக்கொண்டு போனால் டாக்டர் ஏமாந்துவிடுவார், கண் ஏமாறாது. விட்டுப்போன நாட்களை உள்ளபடி சொல்லுங்கள், இல்லையென்றால் போடாத மருந்துக்குப் பதில் இன்னொரு மருந்து கூடுதலாக வரும். என் கண்ணுக்கு எவ்வளவு வரை இறங்க வேண்டும் என்று கேட்டு, அந்த இலக்கை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நரம்பு பாதிக்கப்பட்டவர்களிடம் நடந்த ஆய்வில், ஒவ்வொரு மில்லிமீட்டர் இறக்கத்துக்கும் நோய் முற்றும் வாய்ப்பு பத்து சதவீதம் போலக் குறைந்தது.

இரண்டு மூன்று சொட்டுக்கு மேல் போக வேண்டியிருந்தாலோ, எதுவுமே ஒத்துக்கொள்ளவில்லை என்றாலோ, லேசரைப் பற்றிக் கேளுங்கள். எஸ்.எல்.டி. என்று பெயர், வெளிநோயாளியாகவே சில நிமிடத்தில் முடியும். 2019-இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வில், முதலிலேயே இந்த லேசர் செய்துகொண்டவர்களில் 74 சதவீதம் பேர் மூன்று வருடத்துக்குச் சொட்டு இல்லாமலே இலக்குக்குள் இருந்தார்கள். கோணம் திறந்திருப்பவர்களுக்குத்தான் இது பொருந்தும்.

திடீரென்று கண் கடுமையாக வலித்து, சிவந்து, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்து, வாந்தியும் வந்தால் எந்தச் சொட்டையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்காதீர்கள். அன்றைக்கே, நடுராத்திரி ஆனாலும், அவசரப் பிரிவுக்குப் போங்கள். தலைவலி, பித்தம் என்று மாத்திரை போட்டுக்கொண்டு விடியட்டும் என்று காத்திருந்தால் அந்தக் கண்ணின் பார்வை போய்விடலாம்.

உங்களுக்குக் குளுக்கோமா என்று உறுதியானால், கூடப் பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஊரில் இருக்கும் அண்ணனுக்கும் தங்கைக்கும் இந்த வாரமே போன் செய்து, கண்ணாடி பவர் பார்ப்பதோடு நிறுத்தாமல் பிரஷரும் நரம்பும் பார்க்கச் சொல்லுங்கள்.